முதன்முதலில் வாங்கும் மடக்குக் கத்தி

பேனாக் கத்தி என்னும் பெயரைக் கேளாத தமிழர் இலர். பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பார்ப்போரோ மிகச் சிலரே. உலோக முள் பொருத்திய பேனா பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரவும் வரையில், ஐரோப்பியர் வாத்தினத்துப் பறவைகளின் இறகைக் கொண்டே எழுதி வந்தனர். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். மழுங்கிய முனையைச் சீவிப் பிளந்து மீண்டும் எழுதத்தக்கதாக ஆக்குவதற்குச் சிறு கத்தியொன்று எழுதுவோனின் கைக்கெட்டும் இடத்தில் எப்பொழுதும் இருந்தது. அதுவே பேனாக் கத்தி. இறகுப் பேனா மறைந்தொழிந்த பின்னரும், அதன் பணியாளாய் இருந்த கத்தி அப்பெயருடனேயே மக்களின் சட்டைப்பையில் வாழ்ந்து வருகின்றது.

ஏட்டில் எழுதிய நம் முன்னோரிடத்தும் இத்தகைய கருவி ஒன்று இருந்தது. எழுத்தாணி வகைகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒன்று. அதன் பிடியினுள் ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் சிறு கத்தியும் மடங்கிக் கிடக்கும். பனையோலையை வாரவும் நறுக்கவும் கத்தி, எழுத ஆணி. வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். கூரிய பொருளை உடம்போடு கொண்டு திரிய வேண்டியவன், அக்கூர் தன்னையே குத்தாதிருக்க வழி தேடினான். மடக்குக் கத்தியின் பிறப்புக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

அப்பிறப்பு மிகப் பழையது. ஆஸ்திரியாவிலுள்ள ஹால்ஸ்டாட் என்னும் இடத்தில், ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புப் பிடிக் கத்தியொன்று மடங்கும் அமைப்புடன் கண்டெடுக்கப்பட்டது. உரோமர் காலத்து வெள்ளிக் கருவியொன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து பிட்ஸ்வில்லியம் நூதனசாலையில் இருக்கின்றது. கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி முதலியன அதில் ஒருங்கே மடங்கும். ஆயினும் இக்காலத்தில் நாம் காணும் கத்தியின் உயிர்நாடியாகிய வில், அதாவது அலகை விறைப்பாக நிறுத்தும் பின்புறத் தகடு, பதினேழாம் நூற்றாண்டளவில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்துக் கத்திக் கொல்லரிடையே வழக்கிற்கு வந்தது. ஈழத்தில் இக்கத்தியை வில்லுக்கத்தி என வழங்குவது எத்துணைப் பொருத்தமான பெயர்! ஆங்கிலேயர் பேனாவை நினைத்துப் பெயரிட்டனர். நம்மவர் கத்தியைத் திறந்து பார்த்துப் பெயரிட்டனர்.

இனி, ஒருவர் தமக்கோ தம் பிள்ளைக்கோ முதன்முதலாக ஒரு மடக்குக் கத்தி வாங்க எண்ணுகின்றார் என்று கொள்வோம். கடைக்காரனிடம் விலை கேட்பதற்கு முன் அவர் தம்மிடமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இக்கத்தி எதற்கு? கேள்வி எளிது, விடை அத்துணை எளிதன்று. பொதிகளின் கயிற்றை அறுக்க, மாம்பழத்தின் தோலைச் சீவ, பென்சில் தீட்ட, தோட்டத்தில் ஒட்டுக் கட்ட, தைத்த நூலின் தலைப்பை வெட்ட என்று சிலர் சொல்வர். முதல் உத்தியோகம் கிடைத்து வெளியூருக்குப் புறப்படும் இளைஞனோ சற்றே தயங்கி, “ஒரு பாதுகாப்புக்கும் ஆகும்” என்று சேர்த்துக்கொள்வான். இரவு வேளையில் பஸ்ஸை விட்டிறங்கித் தனியே நடக்கவேண்டிய பெண்ணும் அவ்வாறே எண்ணக்கூடும். இந்த எண்ணத்தை நகைத்துத் தள்ளுவது முறையாகாது, அச்சம் மெய்யானது. அந்த அச்சத்துக்குக் கத்தி மருந்தாகுமா என்பதே ஆராயவேண்டியது. வாங்கும் கத்தி எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதும் இதனைப் பொறுத்தே அமைவதால், இதனை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம்.

தாக்க வருபவன் முன்னறிவித்து வருவதில்லை. அவன் கை நீளும் தொலைவுக்குள் வந்த பின்னரே வந்த நோக்கம் தெரியவரும். அந்த வேளையில், பையினுள் கைவிட்டுக் கத்தியை எடுத்து, நகத்தை அலகின் பள்ளத்தில் மாட்டி இழுத்து, திறந்து, பற்றிக்கொள்ள வேண்டும். அமைதியான அறையில் இச்செயல் மூன்று நான்கு விநாடிகளில் முடியும். நெஞ்சு படபடக்கும்போது விரல்கள் நுண்ணிய வேலைக்கு இசைவதில்லை என்பது மருத்துவர் அறிந்த உண்மை. சாவியைப் பூட்டில் நுழைக்கவே கை தடுமாறும். மடக்குக் கத்தியோ சாவியைவிடச் சிக்கலான பொருள். ஓடத்தொடங்கியிருந்தால் அந்த நான்கு விநாடிகளில் முப்பது முழத்துக்கு அப்பாற் சென்றிருக்கலாம்.

இனி, கத்தி கையில் வந்துவிட்டது என்றே கொள்வோம். பூட்டில்லாத வில்லுக்கத்தியால் எதையேனும் குத்த முயன்றால், அலகு பின்புறமாக மடங்கிக் குத்தியவனின் விரல்களிலேயே விழும். பூட்டுள்ள கத்தியாயினும், பிடிக்கும் அலகுக்கும் இடையில் தடுப்பு இல்லாவிடின், வியர்த்த கை வழுக்கிக் கூரின் மீது ஏறும். கத்தியால் தாக்கியவனின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் காணும் இத்தகைய வெட்டுக்களைச் சட்ட மருத்துவர்கள் நன்கு அறிவர். அவற்றைத் தேடியே பார்ப்பர். தவிர, கத்தியைக் கண்டதும் எதிரி பின்வாங்குவான் என்பது நம் நினைப்பேயன்றி அவன் நினைப்பன்று. அவன் வலியவனாயின் கத்தி கை மாறும். அவனிடமும் கத்தி இருப்பின், பணப்பையோடு முடிந்திருக்க வேண்டியது குருதியில் முடியும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கத்திக் காயம் ஒருவனை உடனே நிறுத்துவதில்லை. ஆனால் அவனைக் கொல்ல வல்லது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதியே உண்டு. தொடையிலோ கழுத்திலோ உள்ள பெருநாடி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் பிரியும். அச்சிறு பொழுதிலும் அவன் தாக்குதலைத் தொடரக்கூடும். ஆகவே, தாக்குதலையும் தடுக்காமல், தாக்கியவனின் உயிரையும் போக்கி, இளைஞன் ஒருவனைக் கொலை வழக்கிற் கொண்டுபோய் நிறுத்தும் ஆற்றல் இரண்டரை அங்குல அலகுக்கு உண்டு.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகின்றது? 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை தற்காப்புரிமையை ஏற்றுக்கொள்கின்றது. ஆயினும் அவ்வுரிமைக்கு எல்லையும் வகுத்திருக்கின்றது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட தீங்கு செய்தலாகாது. அரச அதிகாரிகளின் உதவியை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை எழாது. வெட்டும் அல்லது குத்தும் கருவியால் விளைத்த காயத்துக்கு, வெறுங்கையால் விளைத்த காயத்தைவிடக் கடுமையான தண்டனையும் அதே கோவையில் உண்டு. “தேவையான அளவு” எது என்பதை இரவில் தெருவில் நின்று கணக்கிட வேண்டியவன் அஞ்சி நடுங்கும் இளைஞன். பகலில் நீதிமன்றத்தில் அமர்ந்து ஆறுதலாக அளப்பவர் நீதிபதி.

பிற நாடுகளின் சட்டங்கள் இன்னும் வெளிப்படையானவை. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 3 அங்குலத்துக்கு மேற்படாத கூர்விளிம்புடைய மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் கூறாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் திறந்த நிலையிற் பூட்டிக்கொள்ளும் கத்திக்கு அச்சலுகை இல்லை என்று நீதிமன்றங்கள் தீர்த்திருக்கின்றன. அதனைக் கொண்டு செல்வோர் தக்க காரணம் காட்டவேண்டும். தொழிலுக்காக என்று தச்சன் சொன்னால் ஏற்பர். தற்காப்புக்காக என்று சொல்பவன், தானே தன் வாயால் அதனை ஆயுதமாக்கிவிடுகின்றான். பொத்தானை அழுத்தியதும் அலகு பாய்ந்து வெளிவரும் கத்தியை விற்பதையே அந்நாடு 1959இல் தடுத்துவிட்டது. ஜேர்மனியில், ஒரு கையாற் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணமின்றிப் பொது இடங்களிற் கொண்டு செல்வது 2008ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. யப்பானில் அளவே 6 சென்றிமீற்றர்தான். அதனிலும் நீண்ட அலகைக் காரணமின்றி வைத்திருத்தல் குற்றம்.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். விரைந்து திறத்தல், உறுதியாகப் பூட்டிக்கொள்ளுதல், நீண்டு கூர்த்த முனை ஆகிய எவையெல்லாம் கத்தியைச் சண்டைக்கு ஏற்றதாக்குகின்றனவோ, அவையே சட்டத்தின் கண்ணை ஈர்க்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை மாம்பழம் சீவுவதற்குத் தேவையும் இல்லை. போரையே தொழிலாகக் கொண்ட சேனையார் தம் வீரருக்கு அளித்த மடக்குக் கத்தியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சுவிற்சலாந்துச் சேனை 1890ஆம் ஆண்டளவில் தன் போர்வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடக்குக் கத்தி வழங்கத் தீர்மானித்தது. அக்கத்தியில் இருந்தவை ஓர் அலகு, தகரப்பேணி திறக்கும் கருவி, திருகாணி முடுக்கி, துளையிடும் ஊசி ஆகிய நான்கே. துப்பாக்கியைக் கழற்றித் துப்புரவு செய்யவும், பேணியில் அடைத்த உணவைத் திறக்கவும் அது வேண்டப்பட்டது. பகைவனைக் குத்துவதற்கென்று எவரும் அதனைக் கருதவில்லை.

அக்கத்தியின் வரலாறும் சுவையானது. முதலில் அதனை வேண்டிய தொகையிற் செய்து கொடுக்கச் சுவிற்சலாந்தில் ஆளில்லாமையால், ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வரவழைத்தனர். ஈபாக் என்னும் ஊரிற் கத்திப்பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர் என்பவர் 1891இல் அப்பணியைத் தம் நாட்டுக்கே கொணர்ந்தார். 1897இல் அதிகாரிகளுக்கென இலேசான கத்தியொன்றை அமைத்துப் பதிவு செய்தார். தாயார் விக்டோரியா 1909இல் மறைந்தபோது அவர் பெயரையே தம் பொருளுக்கு இட்டார்; துருவேறா உருக்கைக் குறிக்கும் ‘இனொக்ஸ்’ என்னும் சொல் பின்னர் அதனோடு சேர்ந்து, 1921இல் விக்டோரினொக்ஸ் ஆயிற்று. கத்தியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் நாடுதோறும் பெருகி வருவதால், அலகே இல்லாத கைக்கருவி ஒன்றையும் ஆக்க முயன்று வருவதாக அந்நிறுவனத்தார் 2024இல் அறிவித்தனர். ஆயுதமாகக் கொண்டவர்கள் செய்த வினையின் பயனைக் கருவியாகக் கொண்டவர்களும் சுமக்க நேர்கின்றது.

இதற்கு யப்பானில் நடந்ததே தக்க சான்று. அங்கே ஹிகோனொகாமி என்னும் எளிய மடக்குக் கத்தியொன்று உண்டு. மிக்கி என்னும் ஊரிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் தோன்றியது. மடித்த தகட்டினாலான பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வால் போன்ற நெம்பைப் பெருவிரல் அழுத்திக்கொள்வதால் அது மடங்காது நிற்கும். யப்பானியப் பள்ளிச் சிறுவர் பல தலைமுறைகளாக அதனைக் கொண்டே பென்சில் தீட்டினர், விளையாட்டுப் பொருள் செதுக்கினர். 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அசனுமா இனெஜிரோ என்னும் அரசியற் தலைவரை மேடையிலேயே பதினேழு வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையாண்டது குறுவாள், மடக்குக் கத்தியன்று. ஆயினும் அதன் பின்னர்ச் சிறுவர் கையில் கத்தி கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் பரவிற்று. பென்சில் தீட்டிய கத்தி பள்ளிப் பைகளிலிருந்து மறைந்தது. அதனோடு, மரத்தின் நார் எத்திசையில் ஓடுகின்றது என்பதை விரலால் அறியும் பயிற்சியும் போய்விட்டது என்று வருந்திய ஆசிரியர் அங்கு உளராயின் வியப்பில்லை.

ஆகவே, தற்காப்பு என்னும் எண்ணத்தைக் கத்தியிலிருந்து பிரித்துவிடுதலே தக்கது. இரவிற் தனியே செல்வோருக்கு நல்ல கைவிளக்கு ஒன்றும் உரத்த ஒலியெழுப்பும் ஊதுகுழல் ஒன்றும் கத்தியைவிட உதவும். விளக்கு முன்னதாகவே ஆளைக் காட்டும். கண்ணிற் பாய்ச்சினால் ஒரு கணம் திகைக்கச் செய்யும். அயலாரைக் கூட்டும் ஊதுகுழலின் ஒலி. துணையோடு நடத்தல், வெளிச்சமான வழியைத் தேர்தல், பணப்பையைக் கேட்டால் கொடுத்துவிடுதல், வழியிருப்பின் ஓடுதல் என்பனவெல்லாம் வீரமற்ற அறிவுரைகளாய்த் தோன்றலாம். வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்பவருக்கு வேண்டுவது வீரமன்று. வாசலிற் கேட்கும் காலடி ஓசை.

இனிக் கருவி என்ற அளவில் கத்தியைத் தேர்வோம். முதலில் அளவு. அலகின் நீளம் இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை இருந்தால் நாள்தோறும் நேரும் வேலைகளுக்கெல்லாம் போதும். பிடியை மூடிய கையில் வைத்துப் பார்த்தால் நான்கு விரலும் அதன்மேல் அமைய வேண்டும். சிறு விரல் அந்தரத்திற் தொங்குமாயின் அழுத்தி அறுக்கும்போது கத்தி சுழலும். அளவுக்கு மீறிய கத்தியை ஒருவரும் நெடுநாள் கொண்டு திரிவதில்லை. ஒரு வாரம் பையிற் கனக்கும்; பின்னர் மேசை அறைக்குட் தூங்கும்.

அடுத்தது அலகு நிற்கும் விதம். இதுவே மடக்குக் கத்தியிற் தலையாய பொருள். வில்லுக்கத்தியில், பிடியின் முதுகிலுள்ள தகடு அலகின் அடிப்பகுதியைச் சதா அழுத்திக்கொண்டிருக்கும். அடிப்பகுதியின் விளிம்புகள் தட்டையாக இருப்பதால், திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அவ்வழுத்தம் அலகை நிறுத்தும். போதிய விசையுடன் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். இதில் பூட்டு இல்லை. கூர்விளிம்பு பொருளை அழுத்தும்வரை அபாயமும் இல்லை. ஏனெனில் அவ்வழுத்தம் அலகை மேலும் திறக்கவே தள்ளுகின்றது. முனையாற் குத்தித் துளைக்கும்போதுதான் மடங்கும். வில்லுக்கத்தியாற் துளையிடலாகாது என்னும் ஒரே விதியை மனத்திற் கொண்டவருக்கு இது போதுமானது. எங்கும் ஐயத்துக்கிடமின்றிக் கொண்டு செல்லவும் பெரும்பாலும் ஏற்றது.

பூட்டுள்ளவற்றுட் பல வகை உண்டு. பிடியின் முதுகிலுள்ள நெம்பு அலகின் அடியிற் செதுக்கிய பள்ளத்தில் விழுந்து இறுக்கும் வகை 1960களில் அமெரிக்க வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றது. பிடியின் உட்புறத் தகடே பக்கவாட்டில் நகர்ந்து அலகின் அடியைத் தாங்கும் வகை 1980களிற் பரவியது. இதனை மூடும்போது பெருவிரல் அலகின் பாதையிலேயே நிற்பதால் புதியவர்க்கு இது அத்துணை ஏற்றதன்று. யாவற்றினும் எளியது பிரான்சு நாட்டு ஒபினெல் கத்தியின் வளையம். சவோய் மலைநாட்டில், கருவிகள் செய்யும் கொல்லரின் மகனாகிய ஜோசப் ஒபினெல் தம் பதினெட்டாம் வயதில், 1890இல், இக்கத்தியை ஆக்கினார். மரப்பிடியில் ஒரு வாள்வெட்டு, அதிற் ஓர் அலகு, அவ்வளவே. 1955இல் பிடியின் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்று சேர்க்கப்பட்டது. வளையத்தைத் திருப்பினால் அதன் பிளவு மறைந்து அலகு அசையாது நிற்கும். 2000ஆம் ஆண்டு முதல், மூடிய கத்தியும் தானே திறவாதவாறு அவ்வளையம் காக்கின்றது. எண்களால் அளவு குறிக்கப்படும் அவ்வரிசையில் 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்றிமீற்றர் நீளமுடையது. சிறுவருக்கென்றே முனை வட்டமாக்கப்பட்ட 7ஆம் எண் கத்தியொன்றும் உண்டு. சிறுவனுக்கு முதற் கத்தி வாங்கும் பெற்றோர், இதனையோ இதுபோன்று முனை மழுங்கிய வேறொன்றையோ தேடுதல் நன்று. மரக்கலத்தில் வேலை செய்த மாலுமிகளும் கூர்முனையில்லாது ஆட்டின் குளம்புபோல் வளைந்திறங்கும் அலகையே விரும்பினர். ஆடும் கப்பலில் கயிற்றை அறுப்பவனுக்குக் கூர்விளிம்பு வேண்டும்; கூர்முனை தன்னையும் அயலானையும் குத்தவே உதவும்.

மூன்றாவது, உருக்கு. இரும்பிற் சிறிதளவு காபன் சேர்ந்தது காபன் உருக்கு. எளிதிற் தீட்டலாம், மிக நுண்ணிய கூர் ஏறும், ஆனால் துருவேறும். எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினால் சாம்பல் நிறமாகக் கறுக்கும். இக்கறுப்பு துருவன்று, கேடும் செய்யாது. செந்நிறமாக எழும்புவதே துரு. 1913இல் ஷெபீல்டில் ஹரி பிரெயர்லி என்பவர் ஏறக்குறைய 13 வீதம் குரோமியம் கலந்த உருக்கு எளிதிற் துருவேறுவதில்லை என்பதைக் கண்டார். துப்பாக்கிக் குழாயின் தேய்மானத்தைக் குறைக்கத் தேடியவர் மேசைக் கத்திக்கு வழிகண்டார் என்பது தொழில் வரலாற்றின் இனிய விநோதங்களுள் ஒன்று. கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழ்பவருக்குத் துருவேறா உருக்கே முதற் கத்திக்கு ஏற்றது. உருக்கின் வன்மையை றொக்வெல் என்னும் அளவையாற் குறிப்பர். சட்டைப்பைக் கத்திகள் பெரும்பாலும் அவ்வளவையில் 54க்கும் 60க்கும் இடைப்பட்டவை. எண் கூடக்கூடக் கூர் நெடுநாள் நிலைக்கும். ஆனால் தீட்டுவது கடினமாகும், விளிம்பு சிம்பாக உடையவும் கூடும். விக்டோரினொக்ஸ் கத்தியின் அளவு ஏறக்குறைய 56 ஆகும். புதியவர்க்கு இந்த அளவே போதும். வீட்டிலுள்ள சாதாரணக் கல்லிலேயே தீட்டிவிடலாம்.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரம், கொம்பு, பிளாத்திக்கு எதுவாயினும், ஈரக்கையில் வழுக்காதிருந்தாற் போதும்.

கடையிற் கத்தியைப் பார்க்கும்போது செய்யவேண்டிய சோதனைகள் சில. மூடிய கத்தியை மேலிருந்து நோக்கினால் அலகு இரு பக்கத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை உரசுமாயின் கூர் நாளடைவிற் கெடும். கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் பிடிக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரியலாகாது. திறக்கும்போது வில் சீராக எதிர்த்து, முடிவில் ‘டக்’ என்று ஒலித்து நிற்க வேண்டும். அவ்வொலியையே கத்தியின் பேச்சு என்பர் கத்திக் கொல்லர். திறந்த அலகை இரு விரலாற் பற்றிப் பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. நகம் மாட்டும் பள்ளத்தைப் பிடித்து இழுக்கும்போது நகம் ஒடியும் அளவுக்கு வில் இறுகியிருந்தால், அக்கத்தி எத்துணை அழகியதாயினும் வேண்டாம். திறக்கப் போராடும் கையே வெட்டுப்படும். பல கருவிகள் செறிந்த கத்தியைக் கண்டு மயங்குவோர் பலர். அலகு ஒன்று, பேணி திறப்பான் ஒன்று, திருகாணி முடுக்கி ஒன்று என்பவற்றுக்கு மேலுள்ளவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் பயன்படுத்தாதவரே மிகுதி.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுபடும் என்றொரு நம்பிக்கை இங்கிலாந்திலும் பிரான்சிலும் நெடுநாளாக உண்டு. அதனால், பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைக் கொடுப்பவர் கையில் வைப்பார். கத்தி பரிசாகாமல் விலைப்பொருளாகிவிடும். தந்தை மகனுக்குக் கத்தி கொடுக்கும்போது ஐந்து ரூபா வாங்கிக்கொள்ளும் அவ்வழக்கம் நம்மிடையே வந்தாலும் குற்றமில்லை. நாணயத்தோடு சில சொற்களும் கைமாறலாம்: அறுக்கும்போது கூர் உன்னை நோக்கி வரலாகாது, பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடு, திறந்த கத்தியோடு நடவாதே, விழும் கத்தியைப் பிடிக்க முயலாதே, பள்ளிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கொண்டு போகாதே, விமானப் பயணமாயின் கைப்பையில் வையாது, ஒப்படைக்கும் பெட்டியில் வை.

கூர் மழுங்கிய கத்தியே கையை வெட்டும். மழுங்கியதை அழுத்தி அறுக்க நேர்வதால், அது வழுக்கும்போது அழுத்திய விசை முழுவதும் கைமேல் இறங்கும். தீட்டுவதற்கு நனைத்த சாணைக்கல் போதும். அலகைக் கல்லின்மேற் படுக்க வைத்து, முதுகைச் சற்றே உயர்த்தி, ஏறக்குறைய 15 முதல் 20 பாகை சாய்வில், கல்லின் மேற்பரப்பை மெல்லிய தோலாகச் சீவுவதுபோல் முன்னோக்கித் தள்ள வேண்டும். சாய்வு மாறாதிருப்பதே இதில் முழு வித்தை. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறு பக்கத்து விளிம்பில் மிக மெல்லிய பிசிர் ஒன்று எழும். விரலைக் குறுக்காக ஓட்டினால் தட்டுப்படும், நெடுக்காக ஓட்டலாகாது. அப்பிசிர் அடி முதல் நுனி வரை எழுந்த பின்னரே மறு பக்கத்துக்கு மாறவேண்டும். இறுதியில், பழைய தோற்பட்டியிலோ மடித்த செய்தித்தாளிலோ அலகைப் பின்னோக்கி இழுத்தால் பிசிர் உதிரும். தாளொன்றைத் தொங்கவிட்டு அறுத்துப் பார்க்கலாம். கிழியாமல் அறுபட்டால் கூர் ஏறிவிட்டது.

பழம் வெட்டிய பின் அலகைக் கழுவித் துடைத்தல் வேண்டும். பையில் சேரும் நூலும் தூசியும் பிடியின் உட்பள்ளத்தில் அடைந்து, ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பல்குச்சி ஒன்றால் அதனை அவ்வப்போது கிண்டி எடுத்துவிடலாம். ஆணியிடத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகி அலகை இறுக்கிவிடும். எண்ணெய் இட்டபின் நாலைந்து முறை திறந்து மூடி, வழிந்ததைத் துணியால் துடைத்து, மடக்கிப் பையிற் போட்டுக்கொள்ளலாம்.